செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம்

கேள்வி: மூன்று கம்பெனிகளில் மகளிர் குழுக்கடன் வாங்கியிருக்கிறேன். ஒன்றை அடைக்க இன்னொன்று என்று ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வசூல். தவணை தவறினால் குழுப் பெண்களே வாசலில் வந்து சத்தம் போடுகிறார்கள். கணவர் அன்று விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவார். எட்டாவது படிக்கும் மகளை அன்று மட்டும் பள்ளிக்கு அனுப்புவதில்லை. ‘அம்மா ஊரில் இல்லை’ என்று சொல்ல ஆள் வேண்டுமே. நாலாவதாக ஒரு கம்பெனி தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஆறவில்லை. நீங்கள் உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து, தினமும் அத்தை என்று கூப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறாள். அவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அவளா? உங்கள் கணவர் விடியலில் எங்கே ஓடுகிறார்? பெற்றவர்கள் பட்ட கடனுக்குப் பெற்றவர்கள்தான் வாசலில் நிற்க வேண்டும். அவமானமாக இருக்கும், நில்லுங்கள்.

குழுப் பெண்களைத் திட்டாதீர்கள். நீங்கள் விட்ட தவணை அவர்கள் தலையில் விழுகிறது. அவர்கள் வீட்டிலும் பணம் காய்த்துத் தொங்கவில்லை.

வரும் செவ்வாய் கணவரையும் அழைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். மூன்று லோன் கார்டையும் எடுத்துவைத்து, எவ்வளவு கட்ட முடியும் என்று சொல்லுங்கள். தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டித் தரும்படி மூன்று கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. அதைப் பார்க்காமல் கொடுத்திருந்தால் அவர்களும் பதில் சொல்ல வேண்டும். வசூல்காரர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொந்தரவு செய்யக் கூடாது, மிரட்டவும் கூடாது. மீறினால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரத்துக்கு 14448 எண்ணில் கேளுங்கள்.

அதற்கு முன், மகளின் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். விட்டுப்போன பாடங்களைக் கேட்டு வாங்குங்கள். ஏன் இத்தனை செவ்வாய்க்கிழமை வரவில்லை என்று அவர் கேட்பார். காய்ச்சல் என்று சொல்லிவிடாதீர்கள், பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள்.