நாவலை முடிப்பதா, வலைப்பூ தொடங்குவதா?

கேள்வி: என் மூன்று சிறுகதைகள் இதழ்களில் வந்திருக்கின்றன. முதல் நாவல் பாதியில் நிற்கிறது. வலைப்பூ தொடங்கினால்தான் நாலு பேருக்குப் பெயர் தெரியும் என்கிறார்கள் நண்பர்கள். எழுதும் நேரம் அதிலேயே கரைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தொடங்கலாமா?

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் புத்தகம் விற்றுத் தரும் என்று நம்பித் தொடங்கினால் ஆறு மாதத்தில் சலித்துவிடும்.

உங்கள் கதையை இதழில் படித்து ரசித்தவர், இவர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று கூகுளில் தேடுவார். ஃபேஸ்புக்கில் போட்டது இரண்டே நாளில் அடியில் போயிருக்கும். அவர் வந்து சேர ஓர் இடம் வேண்டும் அல்லவா? வலைப்பூ அதற்குத்தான்.

அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வெயர் ‘தி மார்ஷியன்’ என்ற அறிவியல் புனைகதை நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் தளத்தில் இலவசமாகப் போட்டார். வாசகர்கள் கேட்டதால் 2011இல் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 99 சென்ட் விலைக்கு ஏற்றினார். 2014இல் பெரிய பதிப்பகம் வெளியிட்டது, 2015இல் படமே வந்துவிட்டது. இதைச் சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்பே பல வருடங்கள் காமிக்ஸ், சிறுகதை என்று இணையத்தில் எழுதி அவர் வாசகர்களைச் சேர்த்து வைத்திருந்தார். அத்தியாயங்களில் இருந்த அறிவியல் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவர்களும் அந்த வாசகர்கள்தான். விற்பனையைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சரி, எதைப் போடுவது? இதழுக்கோ போட்டிக்கோ அனுப்பப்போகும் கதையை மட்டும் போடாதீர்கள். ‘வேறெங்கும் வெளிவராதது’ என்று உறுதிமொழி கேட்கிறார்கள். வலைப்பூவில் வந்தாலும் வெளிவந்ததாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். நல்ல கதைகள் இப்படி வீணாகப் போவது வருத்தமான விஷயம். படித்த புத்தகம், நாவலுக்காகத் தேடிப்போன ஊர், அங்கே கேட்ட பேச்சு, இவையெல்லாம் போதும். இதழில் வந்த கதையை, ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிறகு ஏற்றலாம்.

நேரத்துக்கு வருவோம். பதினைந்து நாளுக்கு ஒரு பதிவு போதும், அதுவும் அன்றைய நாவல் பக்கத்தை எழுதி முடித்த பிறகு. நாவல் கடைசி அத்தியாயத்தில் இருந்தால் இரண்டு மாதம் வலைப்பூவை மூடி வைத்தாலும் தவறில்லை. கூகுளின் வலைப்பூ தளமான பிளாகரில் காசு செலவில்லாமல் தொடங்கலாம். அப்புறம், எழுதிய எல்லாவற்றுக்கும் உங்கள் கணினியில் ஒரு பிரதி இருக்கட்டும்.