வாசகர் கேள்வி பதில்: பூட்டிய பட்டறையில் தறிச் சத்தம்

கேள்வி: அப்பாவை இழந்த 15 வயதுப் பெண் சொல்வதுபோல ஒரு பேய்க்கதை எழுதினேன். சாவு நடந்த அன்று ராத்திரியே தறி தானாக ஓடுகிறது. தோழிகளோ, “பயமே வரல, அம்மா அழுகுற இடமெல்லாம் சீரியல் மாதிரி இருக்கு” என்கிறார்கள். எப்படித் திருத்துவது?
- கல்லூரி மாணவி, பல்லடம்

பதில்: எந்நேரமும் தறிச் சத்தம் கேட்கும் உங்கள் பல்லடம் பக்கத்தில் தறி ஓடினால் யாரும் பயப்பட மாட்டார்கள். நின்றால்தான் காது விழிக்கும். நாடாத் தறியில் தார் (நாடாவுக்குள் இருக்கும் ஊடை நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தால் தறி நின்றுவிடும்; ஆள் வந்து வேறு தார் போட்டு ஓட்டிவிட வேண்டும். இதை வைத்தே எழுதுங்கள். பூட்டிய பட்டறைக்குள் சத்தம். நிற்கிறது. அவள் மனசுக்குள் எண்ணுகிறாள். அப்பா தார் மாற்ற எத்தனை எண்ணிக்கை ஆகும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். சரியாக அந்த எண்ணிக்கையில் மறுபடி ஓடுகிறது. அதற்கு மேல் உருவம் எதற்கு?

சாவன்றைக்கு வீடு நிறைய ஒறம்பறை, தனிமைக்கு இடமில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, எல்லோரும் பஸ் ஏறிய பிறகுதான் ஆள் இல்லாதது உறைக்கும். பதினேழாம் நாள் ராத்திரியில் தொடங்குங்கள். அம்மா அழ வேண்டாம். சோற்றுக்கு நாலு வட்டல் எடுத்தவர், ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைக்கட்டும்.

பெரிய குறை வேறு. இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வாக்கியம் எது? “அன்னைக்கு நான் போன் எடுக்கலீங்கப்பா” என்பதுபோல ஒன்று. திருத்த உட்காரும் முன் அதைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேய் செய்கிற ஒவ்வொன்றும் அவளை அந்த வாக்கியத்தின் பக்கம் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் கதவு அடிப்பதும் விளக்கு அணைவதும் மூன்றாம் தடவையே சலித்துவிடும். 40 பக்கக் கதையென்றால் 30 பக்கம் வரை அதை யாரும் சொல்லக் கூடாது. பூசாரி வந்து பேயை ஓட்டவும் கூடாது. அந்த வேலை அவளுடையது. அவள் சொன்னதும் குடும்பம் சரியாகிவிட்டதாக முடிக்காதீர்கள். தறி நின்றாலும் காலையில் பைனான்ஸ்காரர் வருவார்.

அப்பாவின் சாவு தற்கொலை என்றால், விதத்தை விவரிக்கவே வேண்டாம். படிக்கப்போவதும் அந்த வயதுப் பிள்ளைகள்தான்.

கேள்வி: அப்பாரு (தாத்தா) இறந்ததிலிருந்து என் 14 வயது மகன் பேய்க்கதையாகவே படிக்கிறான். தடுக்கலாமா?
- ஒரு தாய், கோபி

பதில்: தடுக்காதீர்கள். பாட்ரிக் நெஸ் 2011இல் வெளியிட்ட ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ நாவலில், தாய் நோயில் கிடக்கும் 13 வயதுப் பையனிடம் ராத்திரி 12.07க்கு மரப்பூதம் வருகிறது. அது கேட்பது, அவன் மறைக்கும் உண்மையை: இந்த வேதனை முடிந்தால் போதும் என்று அவன் நினைத்துவிட்டான். நோயாளியை வைத்துப் பார்த்துக்கொண்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் குற்ற உணர்வு வரும். நேரே சொல்ல வராது. “ஏன் இதையே படிக்கிற?” என்பதை விட்டு, “எந்த எடம் பயமா இருந்துச்சு கண்ணு?” என்று கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ கெட்டால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தானும் சாக வேண்டும் என்று பேசினால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு ராத்திரியிலும் கூப்பிடலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.