சாரதி அனுமதிப்பத்திரமும் உடல்நலமும்: வாசகர் கேள்விகளுக்கு வைத்தியர் பதில்

கேள்வி: எனக்கு ஆறு ஆண்டுகளாக நீரிழிவு, இன்சுலின் போடுகிறேன். மருத்துவச் சான்றிதழ் எடுக்கும்போது இதைச் சொன்னால் மறுத்துவிடுவார்களா? (கிண்ணியா)

பதில்: தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் பரிசோதிக்கும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நோயின் பெயரை விட அது கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதே முக்கியம்; ஆகவே கிளினிக் கொப்பியையும் அண்மைய குருதிப் பரிசோதனை அறிக்கைகளையும் கொண்டு செல்லுங்கள். வாகனம் ஓட்டுபவருக்குச் சீனி கூடுவதை விட, திடீரெனக் குறைவதே பெரிய ஆபத்து. என்னிடம் வந்த லொறிச் சாரதி ஒருவர், காலையில் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் புறப்பட்டு, கந்தளாய் தாண்டியதும் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, எதிரே வந்த பஸ் இரண்டாகத் தெரிந்த பிறகே வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். இன்சுலின் போடுபவர்கள் புறப்படுமுன்னும், நீண்ட பயணத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறையும் சீனியைப் பார்க்க வேண்டும். 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பின்னரே ஓட்ட வேண்டும். 70 அளவுக்கு இறங்கிவிட்டால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, அளவு சரியான பின்னரும் முக்கால் மணிநேரம் பொறுத்திருங்கள், ஏனெனில் மூளை தெளிவதற்குக் குருதியை விடக் கூடுதல் நேரம் எடுக்கும். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் குளிசைகளும் சீனியை இப்படி இறக்கக்கூடும்.

கேள்வி: மகனுக்கு வலிப்பு வந்து எட்டு மாதமாகிறது. மோட்டார் சைக்கிளாவது ஓடலாமா? (தம்பலகாமம்)

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. பிரித்தானியாவில் வலிப்பு நோயாளர் கார், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கே பொதுவாக ஓராண்டு வலிப்பின்றி இருக்க வேண்டும். கனரக வாகனத்துக்கு மருந்தில்லாமல் பத்து ஆண்டுகள். நமது நாட்டில் தீர்மானிக்க வேண்டியவர்கள் நிறுவகத்தின் வைத்தியரும் மகனைப் பார்க்கும் நரம்பியல் நிபுணருமே. "சுகமாகிவிட்டது" என்று காட்டுவதற்காகக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். அதுவே அடுத்த வலிப்பை வரவழைக்கும்.

கேள்வி: இரவில் நிலாவெளி வீதியில் எதிர் வாகன வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்கிறது. வயது 61. (உப்புவெளி)

பதில்: இந்த வயதில் முதலில் கண்புரையைத்தான் சந்தேகிக்க வேண்டும், சத்திர சிகிச்சையால் பெரும்பாலும் நன்றாகச் சரியாகும். பரிசோதிக்கும்வரை இரவில் ஓட்டாதீர்கள். இலகு வாகன அனுமதிப்பத்திரம் 8 ஆண்டுகள் செல்லுபடியாகும். கண் அவ்வளவு காலம் அப்படியே இருப்பதில்லை.

கேள்வி: தடிமனுக்குக் குளிசை போட்டுவிட்டு ஓட்டலாமா? (மூதூர்)

பதில்: பிரிட்டோன் (Piriton) எனப்படும் குளோர்பெனிரமைன் என்றால் ஓட்டாதீர்கள், தூக்கம் வரும்.