நடுக்கடலில் நங்கூரம் எங்கே போடுவது?

கேள்வி: தொண்டியில் பாய் கட்டிய வத்தை ஓட்டி வளர்ந்தவன் நான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மைத்துனர், 36 அடி பாய்ப்படகில் கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் தீவுகள் வரை துணைக்கு வரச் சொல்கிறார். நாங்கள் இருவர் மட்டுமே. இரவில் எங்கே நங்கூரம் போடுவோம்? எப்போது தூங்குவோம்? தண்ணீரும் சாப்பாடும் எப்படி?

பதில்: நங்கூரம் போடவே முடியாது. பாக் விரிகுடாவில் சில பாகம் (ஒரு பாகம் ஆறடி) கயிறு விட்டாலே தரை தட்டிவிடும். அட்லாண்டிக்கில் நீங்கள் போகும் வழியில் ஆழம் நான்கைந்து கிலோமீட்டர். தொலைவு ஏறத்தாழ 2,700 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் என்று ஓடினால் 22, 23 நாட்கள், இரவும் பகலும் படகு போய்க்கொண்டே இருக்கும். காற்று நம் வாடையைப் போல வடகிழக்கிலிருந்து, உங்கள் முதுகுப்பக்கம் வீசும். படகு ஓயாமல் இருபுறமும் உருளும்.

ஆகவே தூக்கம்தான் முதல் கவலை. இரவு ஏழு மணி முதல் காலை ஏழு மணி வரை மூன்று மூன்று மணி நேரமாக மாறி மாறிக் காவல் இருங்கள். பகலில் ஆளுக்கொரு நீண்ட தூக்கம் கட்டாயம். முதல் இரவு உற்சாகத்தில் இருவரும் விழித்துப் பேசிக்கொண்டிருக்கத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம். மூன்றாம் நாள் இருவருமே சோர்ந்து விழுவீர்கள்.

சுக்கானைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். காவலில் இருப்பவரின் வேலை கண்ணுக்குத்தான். பெரிய கப்பலின் கம்ப உச்சி விளக்கு 6 கடல் மைலில் தெரியும். அது மணிக்கு 20 கடல் மைல், நீங்கள் 5 என்று நேருக்கு நேர் வந்தால், பதினான்கே நிமிடத்தில் உங்கள் மேல் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சுற்றிலும் பாருங்கள். கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவி உதவும், ஆனால் எல்லாப் படகுகளும் அதில் தெரியாது.

உங்கள் அனுபவத்தில் எனக்கு அச்சம் தருவது ஒன்று உண்டு. வெறுங்காலோடு விளிம்பில் நடந்து படகின் முன்முனையான அணியத்துக்குப் போவதும், ஓரத்தில் நின்று சிறுநீர் கழிப்பதும் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். இங்கே விழுந்தால் பக்கத்து வத்தைக்காரர் வருவார். அங்கே மைத்துனர் உறங்கிக்கொண்டிருப்பார், படகு தானாகவே போய்விடும்; ஒரு மணி நேரத்தில் ஒன்பது கிலோமீட்டர். மார்பில் அணியும் பாதுகாப்பு வாரைப் படகோடு கொக்கி மாட்டாமல் இரவில் மேல்தளத்துக்கு வராதீர்கள். அணியத்துக்குப் போக வேண்டுமானால் அவரை எழுப்புங்கள், அவர் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்தால் 25 நாளுக்கு 150. மேலும் 50 சேர்த்து, பல கலன்களில் பிரித்து வையுங்கள். ஒன்று ஒழுகினாலும் மற்றவை மிஞ்சும். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவலாம். சோற்று உலையிலும் நான்கில் ஒரு பங்கு கடல்நீர் விடலாம், உப்பு போட வேண்டாம். உடம்பை மட்டும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் தினமும் துடையுங்கள், உப்புப் புண் வராது. படகு உருளும்போது பிரஷர் குக்கரே நல்லது, மூடி பூட்டிக்கொள்வதால் கொதிநீர் கொட்டாது. முட்டை, வெங்காயம், உருளை, முட்டைக்கோஸ், புளி, கருவாடு தாங்கும். பறவைக்கோலா மீன் காலையில் தானாகவே தளத்தில் கிடக்கும்.

இருவரால் முடியுமா என்று தயங்க வேண்டாம். நம் கடற்படையின் தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் தாரிணி என்ற பாய்ப்படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். ஆனால் அதற்கு முன் நெடுநாள் பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். மைத்துனரிடம் இன்றே கேளுங்கள்: கிளம்புமுன் மூன்று இரவுகளாவது கேனரிக் கரையோரம் இதே காவல் முறையில் ஓட்டிப் பார்க்க அவர் சம்மதிப்பாரா? மறுத்தால் போகாதீர்கள்.