தெலுங்கு தேசம் கட்சியின் முதல் மக்களவைத் தேர்தல்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: 1984 டிசம்பரில் நாடு முழுக்க ராஜீவ் அலை. ஆந்திராவில் மட்டும் ஏன் எடுபடவில்லை?

பதில்: இந்திரா கொலையான துக்கம் அங்கேயும் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே ஆகஸ்டில் ஒரு காயம் பட்டிருந்தது. அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை முடித்துத் திரும்பிய முதல்வர் என்.டி.ஆரை (தெலுங்கு தேசத்தைத் தொடங்கிய நடிகர் என்.டி. ராமராவ்) ஆகஸ்ட் 16 அன்று, டெல்லி காங்கிரஸ் அரசு நியமித்த ஆளுநர் ராம்லால் பதவி நீக்கிவிட்டு, கட்சியிலிருந்து பிரிந்துபோன பாஸ்கர ராவை முதல்வராக்கினார். பெரும்பான்மை யார் பக்கம் என்று சட்டசபையைக் கூட்டிப் பார்க்கவில்லை. என்.டி.ஆர். தன் எம்.எல்.ஏ.க்களை டெல்லிக்கே அழைத்துப் போய் ஜனாதிபதி முன் நிறுத்தினார். உடம்பு தேறாததால் சக்கர நாற்காலியில்தான் போனார். எத்தனை மேடைப் பேச்சும் அந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது என்பேன். ஆளுநர் மாற்றப்பட்டார், சரியாக ஒரு மாதத்தில், செப்டம்பர் 16-ல், என்.டி.ஆர். மீண்டும் முதல்வர். அந்தச் சூடு ஆறுவதற்குள் மக்களவைத் தேர்தல் வந்துவிட்டது.

கேள்வி: கட்சிக்கு வயது மூன்றுகூட ஆகவில்லையே, ஊர் ஊராக ஆள் பலம் எங்கிருந்து வந்தது?

பதில்: 1982 மார்ச் 29-ல் கட்சி தொடங்கியதும் பழைய செவர்லே வேன் ஒன்றைப் பிரசார வண்டியாக மாற்றினார்கள். பெயர் சைதன்ய ரதம். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, காக்கி உடுப்பில் என்.டி.ஆர். கூரைமேல் ஏறி நின்று பேசுவார். குளியல், சாப்பாடு எல்லாம் சாலையோரத்தில்தான். 1983 ஜனவரியில் ஆட்சி. பிறகு கிலோ 2 ரூபாய் அரிசி. மக்களவைக்கு ஓட்டுக் கேட்டுப் போனபோது சைக்கிள் சின்னத்தை யாருக்கும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: எத்தனை இடம்?

பதில்: 42-ல் 30. காங்கிரசுக்கு 6.

கேள்வி: நரசிம்ம ராவ் தோற்றது அந்தத் தேர்தலில்தானா?

பதில்: ஆமாம், ஹனம்கொண்டாவில். தெலுங்கு தேசத்தின் ஆதரவோடு நின்ற பா.ஜ.க.வின் ஜங்கா ரெட்டியிடம் தோற்றார். நாடு முழுவதிலும் பா.ஜ.க. ஜெயித்த இரண்டே தொகுதிகளில் அது ஒன்று. ராவ் மகாராஷ்டிராவின் ராம்டெக்கிலும் நின்றதால் மக்களவைக்குள் வந்துவிட்டார்.

கேள்வி: அப்படியானால் எதிர்க்கட்சித் தலைவர் பதவி தெலுங்கு தேசத்துக்கா?

பதில்: இல்லை. மக்களவையில் மிகப் பெரிய எதிர்க்கட்சி அதுதான். ஒரு மாநிலக் கட்சி அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஆனால் அந்தப் பதவிக்கு மொத்த இடங்களில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். 30 போதாது.

கேள்வி: "தெலுங்கர் தன்மானம்" என்று பேசிய கட்சி டெல்லியில் போய் எதைப் பேச முடியும்?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். தன்மானம் என்று அவர்கள் சொன்னதன் உள்ளடக்கமே மாநில உரிமை. முதல்வரை டெல்லி நினைத்தபோது மாற்றுவது, ஆளுநரை ஏவுவது, மாநில ஆட்சியைக் கலைக்க உதவும் அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவை வீசுவது ஆகியவை கன்னடருக்கும் வங்காளிக்கும் காஷ்மீரிக்கும் பொதுவான குறைகள். 1983 மே மாதமே விஜயவாடாவில் எதிர்க்கட்சித் தலைவர்களை என்.டி.ஆர். கூட்டியிருந்தார். ஆகஸ்டில் அவருக்கே அது நேர்ந்தபோது அந்தத் தொடர்பு கைகொடுத்தது. அவருடைய எம்.எல்.ஏ.க்களை விலைபோகாமல் பத்திரமாக வைத்திருந்தது பக்கத்து மாநிலம், ஜனதா கட்சியின் ராமகிருஷ்ண ஹெக்டே ஆண்ட கர்நாடகம்.