விதைக்கு உயிர் இருக்கா அப்பத்தா?

கேள்வி: டப்பாவில் போட்டு வைத்திருக்கும் பாகல் விதையைக் காட்டி, "இதுக்கு உயிர் இருக்கா அப்பத்தா?" என்கிறாள் பேத்தி. இருக்கு என்றால், "அப்ப ஏன் அசையல?" என்கிறாள். என்ன சொல்லட்டும்? – ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: பெரிய மண்டைகளே திணறுகிற இடத்தில் பேத்தி கை வைத்திருக்கிறாள்! சாப்பிடும், மூச்சு விடும், வளரும், குட்டி போடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கணக்குப்படி பார்த்தால் விறகைத் தின்று, காற்றில்லாவிட்டால் செத்து, பக்கத்து ஓலைக்கும் தாவுகிற அடுப்புத் தீக்கு உயிர் உண்டு, குட்டியே போடாத கோவேறு கழுதைக்கு இல்லை. நாசாக்காரர்கள், தன்னைத் தானே நடத்திக்கொள்ளும், டார்வின் சொன்ன பரிணாமத்துக்கு உட்படக்கூடிய வேதி அமைப்புதான் உயிர் என்கிறார்கள். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. பரிணாமம் அடைவது இனம். சிம்மக்கல் டீக்கடையில் தனியாக உட்கார்ந்து வடை தின்கிற நான் இல்லையே.

எனக்குப் பிடித்தது ஹங்கேரிக்காரர் திபோர் கான்டி 1971 முதல் சொல்லி வந்தது. இரையை உடைத்து உடம்பாக்கும் ஒரு வேதிச் சுழற்சி, தன்னையே நகலெடுக்கும் ஒரு குறிப்பு, இரண்டையும் சிதறாமல் பொத்தி வைக்கும் ஒரு சவ்வு, இந்த மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடினால் உயிர். எல்லாம் பழுதில்லாமல் இருந்தும் ஓடாமல் நின்றால்? அது செத்ததும் இல்லை, வாழ்வதும் இல்லை, இனி வாழக்கூடியது. உங்கள் டப்பா விதை ஏறக்குறைய அந்த மூன்றாவது ரகம். இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கிடைத்த, சுமார் 2,000 வருடப் பழைய பேரீச்சங்கொட்டையை 2005-இல் ஊன்றினார்கள், முளைத்துவிட்டது!

பேத்திக்கு வாயால் சொல்ல வேண்டாம். நாலு விதையைக் கொதிக்கிற தண்ணீரில் வேகவைத்து எடுங்கள், வேகாத நாலையும் இவற்றையும் தனித்தனி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஓடு தடிப்பு என்பதால் ஒரு வாரம்கூட ஆகலாம். வேகாததில் ஓடு விரிந்து வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும், வெந்தது அழுகி நாறும்.

கேள்வி: அப்படியானால் பொங்கி வழிகிற இட்லி மாவுக்கு? – ஒரு வாசகர், செல்லூர்

பதில்: மாவுக்கு இல்லை, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு உண்டு. லியூகோநாஸ்டாக் என்று ஒரு வகை, அது விடுகிற கரியமில வாயுதான் மாவைத் தூக்குகிறது. சித்திரை வெயிலில் அவை இன்னும் வேகமாகப் பெருகும். மூடி மேல் அம்மிக்குழவியை வைத்துப் புண்ணியமில்லை, பெரிய பாத்திரமாகப் பாருங்கள்.