பழைய பொருளைத் தயாரித்தவரே திரும்பப் பெறுகிறாரா?

“பழுதான மின்பொருளைத் தயாரித்த நிறுவனமே திரும்பப் பெற வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே, யாராவது உண்மையில் பெறுகிறார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு மூலையிலும் ஏதோ ஒன்று கிடக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இருபது ஆண்டுகளாக இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிறவன் நான். பேட்டரி திரும்பி வருகிறது. பழையதைத் திரும்பப் பெறும் கடமையை 2001ஆம் ஆண்டு விதிகளே எங்கள் மீது வைத்தன. ஆனால் வாடிக்கையாளர் அதைச் சுமந்து வருவது விதிக்காக அன்று. எடையில் பாதிக்கு மேல் ஈயம் இருப்பதால் புதியதன் விலையில் நல்ல தொகை கழியும் என்பதற்காகத்தான். வியாபாரி தற்பெருமை பேசுகிறான் என்று சிலர் எழுதக்கூடும் என்பதால் இதையும் ஒப்புக்கொள்கிறேன்: தொடக்கத்தில், கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது என்று, அமிலத்தை மண்ணில் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குகிறவர்களுக்கும் நான் போட்டிருக்கிறேன்.

என்னைச் சங்கடப்படுத்தியது எங்கள் வீட்டுப் பழைய தொலைக்காட்சிப் பெட்டி. 2019இல் அந்த நிறுவனத்தின் இலவச எண்ணுக்கு மூன்று முறை பேசினேன். மாவட்டத் தலைநகரில் உள்ள மையத்துக்கு நானே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றார்கள். வண்டி வாடகையை நினைத்துப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் 150 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து வாய்க்கால் கரையில் அதன் பிக்சர் டியூப் கிடந்தது. கழுத்தில் இருந்த செம்புச் சுருளை உருவியிருந்தார்கள். முகப்பின் ஓரத்தில் என் மகள் ஒட்டிய மயில் ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் கண்ணாடியின் கூம்புப் பகுதியிலும் ஈயம்தான் கலந்திருக்கிறது, ஆனால் அதைப் பிரித்தெடுக்கும் செலவுக்கு அது கட்டுப்படியாகாது.

மின்கழிவில் தயாரிப்பாளர் பொறுப்பு 2012 மே மாதமே நடைமுறைக்கு வந்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படியோ, நிறுவனம் தன் பொருளைத் தேடி வரவேண்டிய தேவையே இல்லை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம், இவ்வளவு மறுசுழற்சி ஆனது என்ற சான்றிதழை வாங்கிக் கணக்குக் காட்டினால் போதும். அந்தச் சான்றிதழும் பிரித்தெடுத்த தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் கணக்கில்தான் உருவாகிறது. எங்கள் ஊர் இரும்புக் கடைக்காரரும் ஏறக்குறைய இதே பட்டியலை மனத்தில் வைத்துத்தான் பெட்டியைப் பிரித்திருக்கிறார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களிடம் இருப்பது பேட்டரியானால் தயங்காமல் கடையில் கொடுத்து, கழித்த தொகையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பிக்சர் டியூப் பெட்டியானால் என்னிடம் பதில் இல்லை. அன்று கரையிலிருந்து தூக்கிவந்த டியூப் இன்றும் என் கிடங்கில், பேட்டரிகளுக்குப் பின்னால் இருக்கிறது.